மாத்திரையும் வாய்க்காலும்: யானைக்கால் நோயை எதிர்த்த இரு வழிகள்

அரியாங்குப்பத்தில் மக்களின் உடல்நலத்தை அரசு இரண்டு வாசல்களிலிருந்து பார்த்துக்கொள்கிறது. ஒன்று ஆரம்ப சுகாதார நிலையம். சுகாதாரத் துறையின் கீழ் வருவது. மற்றொன்று கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகம்; உள்ளாட்சித் துறையின் கீழ் வருவது. முதல் வாசலிலிருந்து மருந்தும் தடுப்பூசியும் புறப்படுகின்றன. இரண்டாவது வாசலிலிருந்து வாய்க்கால் தூர் வாரும் ஆளும் குப்பை வண்டியும் புறப்படுகின்றன. காய்ச்சல் வந்தால் எந்த வாசலுக்குப் போவது என்று ஊரில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. வீட்டு முன் வாய்க்கால் அடைத்துக்கொண்டால் எங்கே போவது என்பதும் தெரியும். ஆனால் இரண்டாவது புகாரைச் சுகாதாரப் புகார் என்று யாரும் எழுதுவதில்லை. அது ‘சாக்கடைப் பிரச்சினை’.

உலகச் சுகாதாரக் கொள்கையும் இந்த இரண்டு வாசல்களை இப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. முதல் வாசலுக்குப் பணம், மருந்து, இலக்கு ஆண்டு, ஜெனீவாவில் உள்ள உலகச் சுகாதார நிறுவனத்துக்குப் போகும் அறிக்கை எல்லாம் உண்டு. இரண்டாவதற்கு அறிவுரை உண்டு. இந்தப் பாகுபாடு சரிதானா என்று சோதித்துப் பார்க்க யானைக்கால் நோயைவிடப் பொருத்தமான நோய் கிடைக்காது. புதுச்சேரியைவிடப் பொருத்தமான இடமும் கிடைக்காது. வாய்க்கால் வழி இங்கே பெரிய அளவில் நடத்திப் பார்க்கப்பட்டது. மாத்திரை வழிக்கு வேண்டிய கணக்கும் பெருமளவு இங்கிருந்தே போனது. இரண்டையும் அருகருகே வைத்தால், ஏழை நாடுகளுக்கான சுகாதாரக் கொள்கை எதை எளிதாகச் செய்கிறது, எதைத் தட்டிக்கழிக்கிறது என்பது விளங்கும்.

கடியின் கணக்கு

நூல்போன்ற ஒரு புழுதான் யானைக்கால் நோய்க்குக் காரணம். நம் பகுதியில் உள்ள இனத்தின் பெயர் உச்சரேரியா பாங்க்ராஃப்டி. வளர்ந்த புழு நிணநீர்க் குழாய்களில் குடியிருந்துகொண்டு ஆண்டுக்கணக்கில் குட்டிகளை ரத்தத்தில் விடுகிறது. மைக்ரோஃபைலேரியா எனப்படும் இந்தக் குட்டிகள் பகலில் உடலின் உள்ளே ஒதுங்கிக் கிடந்து, ராத்திரியில் தோலுக்கு அருகே உள்ள ரத்தக் குழாய்களுக்கு வருகின்றன. கடிக்கும் கொசுவும் ராத்திரிக் கொசு. யானைக்கால் தடுப்பு ஊழியர்கள் ஊர் அடங்கும் நேரத்தில் வந்து விரல் நுனியில் ரத்தம் எடுப்பது இதனால்தான். இந்தப் புழு கொசுவின் உடலில் வளர்கிறது என்பதை 1877இல் சீனாவின் அமோய் துறைமுகத்தில் பணிபுரிந்த மருத்துவர் பேட்ரிக் மேன்சன் கண்டறிந்தார். மனித நோய் ஒன்றின் கிருமி பூச்சிக்குள் வளர்வதை மருத்துவ உலகம் முதன்முதலாக அப்போதுதான் பார்த்தது.

கொசுவின் பெயர் கியூலெக்ஸ் குயின்க்விஃபாசியேட்டஸ். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரைத் தேடிப் போகும். இது அழுக்குத் தண்ணீரைத் தேடிவரும். ஓடாத சாக்கடை, மூடி உடைந்த செப்டிக் டேங்க், கொல்லைப்புறத்துக் கழிவுநீர்க் குழி ஆகியவையே இதன் வீடுகள். புதுச்சேரியில் கட்டுப்பாட்டுப் பணி தொடங்குவதற்கு முன்பு வளர்ந்த ஆள் ஒருவரை மாதத்துக்கு ஏறத்தாழ 2,200 கொசுக்கள் கடித்தன என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். ஒரு ராத்திரிக்கு எழுபதுக்கு மேல். ரத்தம் பரிசோதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு மேல் புழு இருந்தது.

அத்தனை கடியும் நோயாக மாறுவதில்லை. பர்மாவின் ரங்கூனில் ஆய்வு செய்த ஹேர்ஸ்டன், டி மெயோன் இருவரும் 1968இல் ஒரு கணக்குப் போட்டார்கள்: புதிதாக ஒருவர் ரத்தத்தில் புழுக்குட்டி தோன்ற, புழு ஏந்திய கொசுக்களின் கடி சராசரியாக 15,500 தேவை. மலேரியாவுக்கு ஒரு கடி போதும். யானைக்காலுக்கு ஒரு வாழ்க்கை முழுக்கக் கடி வாங்க வேண்டும். ஜன்னலில் வலை அடித்து, மின்விசிறிக்குக் கீழே தூங்குபவருக்கு அத்தனை கடி சேராது. வாய்க்கால் ஓரத்துக் குடிசையில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே தூங்குபவருக்குச் சேரும். நோய் ஏழைகளைத் தேடிப் பிடிக்கிறது என்பதன் பொருள் இதுதான்.

இந்தக் கணக்கிலிருந்தே இரண்டு வழிகளும் பிறக்கின்றன. கடிகளைக் குறைத்தால் நோய் அறும். அது வாய்க்கால் வழி. கடித்தாலும் கொசுவுக்குப் புழு கிடைக்காமல் செய்தால் நோய் அறும். அது மாத்திரை வழி.

வாய்க்கால் வழி: புதுச்சேரி, 1981–85

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1975இல் புதுச்சேரியில் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கியது. ஜிப்மருக்கு அருகில் இந்திரா நகரில் இருக்கும் இந்த நிறுவனத்தை ஊரில் வி.சி.ஆர்.சி. என்றே சொல்வார்கள். முதல் இயக்குநர் பி.கே. ராஜகோபாலன் பூச்சியியல் அறிஞர். கொசுவைத் தெருவில் இறங்கிப் பார்க்க வேண்டும் என்ற கட்சி. அவர் தலைமையில் 1981 முதல் 1985 வரை புதுச்சேரியில் ஒருங்கிணைந்த கொசுக் கட்டுப்பாட்டுத் திட்டம் நடந்தது.

பூச்சிமருந்தை அடித்துவிட்டுப் போகும் பழைய முறைக்கு இத்திட்டத்தில் முதலிடம் இல்லை. கொசு எங்கெங்கே முட்டையிடுகிறது என்று இடம் இடமாகக் கணக்கெடுத்து, ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வைத்தியம் செய்தார்கள். வாய்க்காலைத் தூர் வாரி, வாட்டம் சரிசெய்து தண்ணீரை ஓடவிட்டார்கள். பள்ளங்களைத் தூர்த்தார்கள். செப்டிக் டேங்கின் மூடியைப் பூசி அடைத்துக் காற்றுக் குழாய்க்கு வலை கட்டினார்கள். கிணறுகளில் கொசுப்புழுவைத் தின்னும் மீன்களை விட்டார்கள். கொசுப்புழுவை மட்டும் கொல்லும் பேசில்லஸ் பாக்டீரியாவைக் கழிவுநீரில் பயன்படுத்திப் பார்த்தார்கள். கொசு குறைந்தது. கடி குறைந்தது. அந்த ஆண்டுகளில் வளர்ந்த சிறு குழந்தைகளிடம் புழு குறைவாகவே காணப்பட்டது. புதிய தொற்று மட்டுப்பட்டதற்கு இதைவிட நேரான சாட்சியம் வேண்டியதில்லை.

ஐந்தாண்டு முடிந்தது. ஆராய்ச்சி நிறுவனம் விலகிக்கொண்டது. கொசு திரும்பி வந்தது.

இந்த முடிவைத் தோல்வி என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகலாம். பலர் அப்படித்தான் எழுதினார்கள். ஆனால் ராஜகோபாலனின் குழு அடுத்து எங்கே போனது என்று பார்த்தால், அவர்கள் இதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் தெரிகிறது. கேரளத்தின் சேர்த்தலைக்குப் போனார்கள். அங்கே புழு வேறு இனம், கொசுவும் வேறு. மான்சோனியா கொசுவின் புழுக்கள் குளத்து ஆகாயத்தாமரையின் வேரைத் துளைத்து அதன் வழியே மூச்சு விடுபவை. செடியை எடுத்தால் கொசு இல்லை. ஆனால் அங்குள்ள மக்கள் அந்தச் செடியைத் தென்னைக்கு எருவாகப் போட வேண்டுமென்றே வளர்த்துவந்தார்கள். ‘நோய் வரும், எடுத்துவிடுங்கள்’ என்று உபதேசம் செய்வதற்குப் பதிலாக, ராஜகோபாலனின் குழுவினர் குளத்தில் மீன் வளர்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள். மீன் வளர்க்க வேண்டுமானால் குளம் சுத்தமாக இருந்தாக வேண்டும். மீன் காசானது, செடி போனது. பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு யானைக்கால் தடுப்புக்கான ‘ஃபில்கோ’ மன்றங்கள் அமைத்தார்கள். சுத்தம் செய்யும் வேலைக்கு ஊரிலேயே ஒரு சொந்தக்காரரையும் அவருக்கு ஒரு லாபத்தையும் ஏற்படுத்தினார்கள். புதுச்சேரி வாய்க்காலுக்கு அப்படி ஒரு சொந்தக்காரர் அமையவில்லை. சாக்கடையில் மீன் வளர்த்து விற்க முடியாது. அதற்குப் பஞ்சாயத்துதான் சொந்தக்காரராக இருந்தாக வேண்டும்.

மாத்திரை வழி: ஜெனீவாவிலிருந்து வீட்டு வாசல் வரை

டைஎத்தில்கார்பமசைன் என்ற மருந்து 1947 முதல் கையில் இருக்கிறது. டி.இ.சி. என்பது அதன் சுருக்கப் பெயர். 1955இல் தொடங்கிய தேசிய யானைக்கால் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் ராத்திரி ரத்தம் எடுத்து, புழு இருப்பவரைக் கண்டுபிடித்து, அவருக்குப் பன்னிரண்டு நாள் மருந்து கொடுப்பதே முறை. இது தேசம் முழுக்க நடக்கிற காரியமாக இருக்கவில்லை. 1990களில் தெரியவந்த ஒரு செய்திதான் போக்கை மாற்றியது: ஆண்டுக்கு ஒரே ஒரு வேளை மருந்து கொடுத்தாலும் ரத்தத்தில் புழுக்குட்டிகள் பல மாதங்களுக்கு வெகுவாகக் குறைகின்றன. அப்படியானால் யாருக்கு நோய் இருக்கிறது என்று தேடவே வேண்டாம், ஊருக்கே கொடுத்துவிடலாம். விழுப்புரம் மாவட்டக் கிராமங்களில் வி.சி.ஆர்.சி. நடத்திய ஒப்பீட்டுச் சோதனையும் ஆண்டுக்கு ஒரு வேளை மருந்தின் பலனை உறுதிசெய்தது.

1997இல் உலகச் சுகாதாரப் பேரவை யானைக்கால் நோயை ஒழிக்கத் தீர்மானம் போட்டது. 2000இல் உலகத் திட்டம் தொடங்கியது. ஸ்மித்கிளைன் பீச்சம் (பின்னாளில் கிளாக்ஸோஸ்மித்கிளைன்) நிறுவனம் ஆல்பெண்டசோலை இலவசமாகத் தர ஒப்புக்கொண்டது. ஆற்றோரக் குருட்டு நோய்க்காக 1987 முதல் ஐவர்மெக்டினைத் தானமாகத் தந்துவந்த மெர்க் நிறுவனம் யானைக்காலுக்கும் தர முன்வந்தது. பின்னர் ஜப்பானின் எய்சாய் நிறுவனம் டி.இ.சி. மாத்திரை தந்தது. இந்தியா 1996–97இல் 13 மாவட்டங்களில் முன்னோட்டம் பார்த்து, 2004இல் நாட்டின் நோய்ப் பகுதிகளுக்கெல்லாம் மாத்திரையைக் கொண்டுபோனது. 2007இல் ஆல்பெண்டசோல் கூடச் சேர்ந்தது. 2018இன் இறுதியிலிருந்து சில மாவட்டங்களில் மூன்று மருந்துகளும் சேர்த்துத் தரப்படுகின்றன.

எத்தனை ஆண்டு தர வேண்டும்? இங்கேதான் புதுச்சேரி மறுபடி வருகிறது. 1981–85 திட்டத்தின்போது எடுத்த ரத்தக் கணக்கையும் கொசுக் கணக்கையும் வைத்து, வி.சி.ஆர்.சி.யும் நெதர்லாந்தின் ராட்டர்டாம் எராஸ்மஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து லிம்ஃபாசிம் என்ற கணினி மாதிரியை உருவாக்கின. புழு சராசரியாகப் பத்தாண்டு உயிர் வாழக்கூடும் என்றும், எத்தனை பேர் மாத்திரையை விழுங்குகிறார்கள் என்பதைப் பொறுத்தே சுற்றுகளின் எண்ணிக்கை அமையும் என்றும் அது காட்டியது. வாய்க்கால் வழியில் திரட்டிய கணக்கே மாத்திரை வழிக்கு அளவுகோல் ஆனது.

வாசலில் நடப்பது எளிமையானது. 2 முதல் 5 வயது வரை டி.இ.சி. ஒரு மாத்திரை, 14 வயது வரை இரண்டு, அதற்கு மேல் மூன்று. கூடவே ஆல்பெண்டசோல் ஒன்று. இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கும், கர்ப்பிணிக்கும், கடுமையாக நோயுற்றவருக்கும் கிடையாது. வெறும் வயிற்றில் போடக்கூடாது. ஊழியர் கண்முன்னே விழுங்க வேண்டும் என்பது விதி. காலை பதினோரு மணிக்கு வாசலில் வந்து நிற்கும் ஊழியரிடம், ‘சாப்பிட்டுட்டுப் போட்டுக்கறேன், வெச்சிட்டுப் போம்மா’ என்பது பதில். அவர் குடும்பப் பதிவேட்டில் டிக் போடுகிறார். மாத்திரை அலமாரியில் ஏறுகிறது. கடலுக்குப் போன கணவருக்கும் கொத்து வேலைக்குப் போன மகனுக்கும் உரிய மாத்திரைகளும் அதே அலமாரிக்குத்தான் போகின்றன. கொடுத்ததற்கும் விழுங்கியதற்கும் இடையே உள்ள இந்த இடைவெளியைத் தமிழ்நாட்டு ஆய்வுகள் தொடக்கத்திலிருந்தே பதிவு செய்திருக்கின்றன.

இதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. உடம்பில் புழு இருப்பவர் மாத்திரை போட்டால், புழுக்குட்டிகள் சாகும்போது காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி வருவதுண்டு. மாதச் சம்பளக்காரருக்கு அது ஒரு நாள் விடுப்பு. நாள்கூலிக்காரருக்கு ஒரு நாள் சோறு. நோயே இல்லை என்று நினைப்பவர் எதற்காக அதை விலைக்கு வாங்குவார்?

இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. அது மருந்தை உப்பில் கலப்பது. சீனா பல கோடிப் பேருக்கு டி.இ.சி. கலந்த உப்பைக் கொடுத்து, 2007இல் யானைக்காலை ஒழித்த முதல் நாடுகளில் ஒன்றாகச் சான்று பெற்றது. 1980களில் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் காரைக்காலில் இதைச் செய்துபார்த்ததில் புழு விகிதம் பெருமளவு சரிந்தது. பலன் தெளிவாக இருந்தும் இந்தியா அதைத் தேசிய வழியாக்கவில்லை. சந்தையில் வேறு உப்பு வராமல் தடுப்பது எங்கும் எளிய காரியம் இல்லை.

அருகருகே வைத்தால்

முதலில் செலவு. மாத்திரை வழியில் மருந்தைத் தருபவர் கொடையாளர் அல்லது மைய அரசு. கொண்டுபோய்ச் சேர்ப்பவர் ஏற்கெனவே சம்பளத்தில் இருக்கும் ஊழியர், அல்லது சிறு தொகைக்கு வேலை செய்யும் தன்னார்வலர். தலைக்குச் சில ரூபாயில் முடிகிறது. வாய்க்காலுக்கு முதலில் கட்டுமானச் செலவு, பிறகு ஆண்டு முழுக்கப் பராமரிப்பு. அதைத் தர வேண்டியது உள்ளாட்சி அமைப்பு. அரசின் அடுக்குகளிலேயே கையில் காசு குறைந்த அடுக்கு அதுதான்.

இரண்டாவது, மக்களிடம் கேட்பது. மாத்திரை கேட்பது ஆண்டுக்கு ஒரு முறை ஒரு மடக்குத் தண்ணீரும் நம்பிக்கையும். ஆனால் அதை ஒவ்வொரு தனி மனிதரிடமும் கேட்கிறது. மொத்த மக்கள்தொகையில் 65 விழுக்காட்டினராவது விழுங்காவிட்டால் அந்தச் சுற்றுக்கே மதிப்பில்லை. ஓடும் வாய்க்கால் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. விழுங்க மறுத்தவரையும், விழுங்கக் கூடாத கர்ப்பிணியையும், வேலைக்குப் போய் வீட்டில் இல்லாதவரையும் அது ஒரே மாதிரி காக்கிறது.

மூன்றாவது, அளப்பது. மாத்திரையை எண்ண முடியும். 2000 முதல் உலகம் முழுக்க 900 கோடிக்கு மேற்பட்ட முறை மருந்து கொடுத்தாயிற்று என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்ல முடிகிறது. எத்தனை கிலோமீட்டர் வாய்க்கால் ஓடுகிறது, எத்தனை செப்டிக் டேங்குக்கு வலை இருக்கிறது என்று யாரும் எந்த நிறுவனத்துக்கும் அறிக்கை அனுப்புவதில்லை. எண்ண முடிவதற்கே நிதி வருகிறது. நிதி வருவதே எண்ணப்படுகிறது.

நான்காவது, நிறுத்தும் நாள். மாத்திரை வழிக்கு முடிவு உண்டு. ஐந்து நல்ல சுற்றுகளுக்குப் பிறகு 6, 7 வயதுக் குழந்தைகளைப் பரிசோதித்து, தொற்று எல்லைக்குக் கீழே இருந்தால் மாத்திரையை நிறுத்துகிறார்கள். பிறகு சில ஆண்டு இடைவெளியில் மறுபரிசோதனை செய்கிறார்கள். புதுச்சேரியிலும் மாத்திரைச் சுற்றுகள் இப்படித்தான் நிறுத்தப்பட்டன. கொடையாளருக்கு இது பெரிய ஆறுதல். வாய்க்காலுக்கு நிறுத்தும் நாள் கிடையாது.

ஐந்தாவது, நிறுத்திய பிறகு. 2016இல் இலங்கை யானைக்காலை ஒழித்ததாகச் சான்று பெற்றது. 1947 முதலே தனி யானைக்கால் இயக்கம் வைத்திருந்த நாடு. ஆகாயத்தாமரைக் குளங்களைச் சுத்தம் செய்து மான்சோனியா வகை நோயை 1960களிலேயே விரட்டிய நாடு. ஆனாலும் காலி மாவட்டக் கடலோரத்தில், குழந்தைகள் பரிசோதனையில் தேறிய பிறகும், கொசுக்களின் உடலில் புழுவின் மரபுத் தடயம் தொடர்ந்து கிடைத்தது. அங்கே பரப்புவதும் சாக்கடைக் கியூலெக்ஸ்தான். மாத்திரையால் புழுவைக் குறைத்தாயிற்று. கொசு அப்படியே இருக்கிறது. மிச்சம் இருக்கும் கொஞ்சப் புழுவுக்கு அது போதும்.

வாய்க்கால் வழியையும் புகழ்ந்து தள்ளிவிட வேண்டாம். கொச்சியில் பேசில்லஸ் ஸ்பெரிகஸ் பாக்டீரியாவைத் திரும்பத் திரும்பத் தெளித்ததில் இரண்டு ஆண்டுக்குள் கியூலெக்ஸ் புழுக்கள் அதைத் தாங்கப் பழகிவிட்டன. வாய்க்காலை ஓடவிடாமல் தெளித்துச் சமாளிக்கலாம் என்று நினைக்கும் இடமெல்லாம் இதுதான் கதி. தூர் வாரிய சேற்றை வாய்க்கால் கரையிலேயே குவித்துவிட்டுப் போனால் அடுத்த மழைக்கு அது திரும்ப உள்ளே இறங்கும். வாய்க்கால் வழி என்பது பணியைக் காட்டிலும் பழக்கம். பழக்கத்துக்கு அரசாணை போட முடியாது.

திருக்கோவிலூர் சொன்னது

புதுச்சேரிக்கு மேற்கே திருக்கோவிலூர் வட்டாரக் கிராமங்களில் இந்த இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்தார்கள். மதுரையில் இருந்த மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையம் 1990களில் தொடங்கி அங்கே நடத்திய ஆய்வில் சில ஊர்களுக்கு மாத்திரை மட்டும். சில ஊர்களுக்கு மாத்திரையோடு கொசுக் கட்டுப்பாடும். கொசுக் கட்டுப்பாடு என்றால் பெரிய கட்டுமானம் ஒன்றும் இல்லை. கழிவுநீர்க் குழிகளில் பாலிஸ்டைரின் மணிகளைக் கொட்டினார்கள். தெர்மோகோலை உதிர்த்ததுபோன்ற அந்த வெள்ளை மணிகள் தண்ணீர்மேல் ஆடையாகப் படர்ந்து நிற்கும். கொசு முட்டையிட இடம் கிடைக்காது, கொசுப்புழு மேலே வந்து மூச்சுவிடவும் முடியாது. ஒரு முறை கொட்டினால் நீண்ட காலம் நிற்கும். கிணறுகளில் மீன் விட்டார்கள்.

மாத்திரை இரண்டு வகை ஊர்களிலும் வேலை செய்தது. வித்தியாசம் மாத்திரை நின்ற பிறகு தெரிந்தது. மாத்திரை மட்டும் கொடுத்த ஊர்களில் கொசுக்களிடம் தொற்று மெல்லத் தலை தூக்கியது. மணியும் மீனும் இருந்த ஊர்களில் கிடைத்த பலன் நிலைத்தது. 2007இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழிலேயே இது வெளிவந்தது. அதற்கு முன்பே தான்சானியாவின் சான்சிபார் தீவில், மக்குண்டுச்சி என்ற ஊரின் கழிப்பறைக் குழிகளில் இதே மணிகளைக் கொட்டி, மருந்தும் கொடுத்து, பாதிப் பேரிடம் இருந்த புழுவை நூற்றுக்கு மூன்று என்ற அளவுக்கு இறக்கியிருந்தார்கள். மாத்திரையை நம்பாத இன்னொரு முனையில் சாலமன் தீவுகள் இருக்கின்றன. அங்கே 1970களில் மலேரியாவுக்காக வீடுகளுக்குள் பூச்சிமருந்து தெளித்ததிலேயே யானைக்கால் பரவல் அற்றுப்போனது.

சான்று இல்லாமல் வாய்க்கால் பின்தள்ளப்பட்டது என்று யாரும் சொல்ல முடியாது. சான்று இருந்தது. வாய்க்காலைத் தானமாகக் கொடுக்க ஒரு நிறுவனம் இல்லை.

இரண்டும் தொடாத கால்

இந்த இரு வழிகளுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. ஏற்கெனவே வீங்கிய காலை மாத்திரையும் வற்ற வைக்காது, ஓடும் வாய்க்காலும் வற்ற வைக்காது. இரண்டும் நாளை வரப்போகும் நோயாளிக்கானவை.

அடுத்த தெருவில் இருக்கும் இன்றைய நோயாளிக்கு வேண்டியவை வேறு. தினமும் சோப்புப் போட்டுக் காலைக் கழுவி, விரல் இடுக்கு உட்பட ஈரம் இல்லாமல் துடைத்து, வெடிப்புகளுக்குக் களிம்பு தடவி, காலை உயர்த்தி வைத்துத் தூங்க வேண்டும். வெடிப்பு வழியே கிருமி உள்ளே போகும்போதுதான் நெறி கட்டி, குளிர் ஜுரம் வந்து, வாரக்கணக்கில் படுக்கையில் தள்ளுகிறது. ஒவ்வொரு ஜுரத்துக்கும் கால் இன்னும் கொஞ்சம் பெருக்கிறது. விரைவீக்கம் வந்த ஆணுக்கு ஓர் அறுவை சிகிச்சை போதும். உலகத் திட்டத்தின் இரண்டாவது தூண் இதுதான் என்று ஏட்டில் இருக்கிறது. முதல் தூணுக்குக் கிடைத்த கவனத்தில் ஒரு பங்குகூட இதற்குக் கிடைக்கவில்லை. யானைக்காலால் இந்தியாவில் ஆண்டுதோறும் வீணாகும் உழைப்பும் சிகிச்சைச் செலவும் சேர்ந்து நூறு கோடி டாலரை நெருங்குவதாக வி.சி.ஆர்.சி. ஆய்வாளர்கள் 2000இல் கணக்கிட்டார்கள். அந்த இழப்பு இந்தக் கால்களிலும் இவற்றுக்கு உரியவர்களின் கூலியிலும்தான் நேர்ந்தது.

எந்த வாசலுக்கு எது

1978இல் அல்மா ஆட்டாவில் கூடிய நாடுகள், 2000க்குள் எல்லோருக்கும் ஆரோக்கியம் என்று அறிவித்து, குடிநீரையும் சுகாதார வசதியையும் ஆரம்ப சுகாதாரத்தின் அங்கமாகவே எண்ணின. மறு ஆண்டே வால்ஷ், வாரன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள், அத்தனையும் ஏழை நாடுகளால் ஆகாது, செலவு குறைந்து பலன் மிகுந்த சில சிகிச்சைகளை மட்டும் தேர்ந்தெடுத்துச் செய்யலாம் என்று எழுதினார்கள். புதுச்சேரியின் 1981 திட்டம் முதல் எண்ணத்தின் பிள்ளை. 2000இன் மாத்திரைத் திட்டம் இரண்டாவதன் பேரப்பிள்ளை. வென்றது இரண்டாவது. அதனால் விளைந்த நன்மையை மறுப்பது நியாயம் இல்லை. இருபதுக்கு மேற்பட்ட நாடுகள் யானைக்காலைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இறக்கியிருக்கின்றன. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் இளம் தலைமுறையின் கால்களில் அந்த வீக்கத்தைப் பார்ப்பது அரிதாகிவிட்டது. வாய்க்காலுக்காகக் காத்திருந்தால் இது நடந்திருக்காது.

ஆகவே எது மேல் என்று தீர்ப்புச் சொல்லும் ஒப்பீடு அல்ல இது. மாத்திரை, தூரத்தில் இருப்பவர் ஏழைக்குச் செய்யக்கூடிய உதவி. ஆண்டுக்கு ஒரு நாள் அரசு நன்றாக வேலை செய்தால் போதும். வாய்க்கால், பக்கத்தில் இருப்பவர் செய்ய வேண்டிய கடமை. ஆண்டின் எல்லா நாளும் அரசு ஓரளவாவது வேலை செய்ய வேண்டும். உலகக் கொள்கை முதலாவதைத் திட்டமாக்கி, இரண்டாவதைப் ‘பன்முக ஒத்துழைப்பு’ என்ற ஒரு பத்திக்குள் அடக்கிவிடுகிறது. ஒழித்தாயிற்று என்ற சான்றிதழ் முதலாவதன் பலத்தில் கிடைக்கிறது. அது நிலைப்பது இரண்டாவதன் கையில் இருக்கிறது.

அரியாங்குப்பத்துக்கு இதன் பொருள் என்ன? சங்கராபரணியின் கிளையாறு கடலில் கலக்கும் தாழ்ந்த நிலம் இது. தண்ணீருக்கு வாட்டம் குறைவு. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் ஏறத்தாழ 48 செ.மீ. மழையைப் புதுச்சேரியில் கொட்டியபோது, வாய்க்காலின் அருமையை எல்லோரும் சில நாள் பேசினார்கள். அந்த வாய்க்காலுக்குப் பொறுப்பான கொம்யூன் அமைப்பு, 1880ஆம் ஆண்டின் பிரெஞ்சு ஆணையில் வேர் கொண்டது. இந்தியாவிலேயே பழமையான உள்ளாட்சி மரபுகளில் ஒன்று. ஆனால் புதுச்சேரியில் 1968க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் 38 ஆண்டு கழித்து 2006இல்தான் நடந்தது. அதில் வந்தவர்களின் காலம் 2011இல் முடிந்தது. அதன் பிறகு ஆண்டுக்கணக்காக அதிகாரிகள் நிர்வாகம்தான். வாய்க்கால் அடைத்துக்கொண்டால் சட்டையைப் பிடித்துக் கேட்க ஒரு வார்டு உறுப்பினர் இல்லாத ஊரில், கொசுக் கட்டுப்பாடு யாருடைய தேர்தல் பிரச்சினை ஆகும்?

செய்யக்கூடியவை சில உண்டு. அவற்றுக்குப் பெரிய பணமும் வேண்டாம். ஒழிப்புச் சான்றுக்குக் குழந்தைகளின் ரத்தத்தோடு கொசுவின் உடலையும் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். அந்தத் தொழில்நுட்பம் வி.சி.ஆர்.சி.யிலேயே இருக்கிறது. மருந்து தரும் நிறுவனங்களும் நிதி தரும் அறக்கட்டளைகளும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கைச் செப்டிக் டேங்க் வலைக்கும், கழிவுக் குழி மணிகளுக்கும், வாய்க்கால் வாட்டத்துக்கும் என்று உள்ளாட்சியின் கணக்கில் நேராகச் செலுத்த வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தின் மாதக் கூட்டத்தில் கொம்யூன் பஞ்சாயத்தின் தூர் வாரும் பட்டியலும் ஒரு பொருளாக இடம்பெற வேண்டும். எந்தத் தெருவில் கொசுப்புழு அதிகம் என்று சுகாதார ஊழியருக்குத் தெரியும். எந்தத் தெருவுக்கு ஆள் அனுப்புவது என்று பஞ்சாயத்து முடிவெடுக்கிறது. இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார இன்றைக்கு எந்த விதியும் இல்லை. வீங்கிய காலோடு இருப்பவர்களின் பட்டியல் அந்த மேசையில் முதல் தாளாக இருக்கட்டும். உள்ளாட்சித் தேர்தலைச் சுகாதாரக் கோரிக்கையாகவே எழுப்ப வேண்டும்.

யானைக்காலை உலக வரைபடத்திலிருந்து 2030க்குள் அகற்றுவது இப்போதைய இலக்கு. இந்தியா தனக்கு 2027 என்று நாள் குறித்திருக்கிறது. அதற்கு முன் குறித்த 2015, 2017, 2020 ஆகிய நாள்கள் எல்லாம் தவறிப்போயின. தவறிய ஒவ்வொரு முறையும் கூடுதல் மருந்து, கூடுதல் சுற்று என்பதுதான் பதிலாக இருந்தது. மூன்றாவது மாத்திரையைச் சேர்த்தாயிற்று. சேர்க்க வேண்டியது இன்னொன்று பாக்கி இருக்கிறது. அது எந்த மருந்துக் கிடங்கிலும் கிடைக்காது, பஞ்சாயத்து அலுவலகத்திலிருந்துதான் புறப்பட்டு வர வேண்டும்.